ரிப்போர்ட்லயே போட்டிருக்குது சார்

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு தகப்பனார் என் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார். கையில் நான்காக மடித்த தாள், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் 83 சதவீதம், லிம்போசைட் 12 சதவீதம். இரண்டும் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தன. லிம்போசைட்டுக்குப் பக்கத்தில் கீழே பார்த்த அம்புக்குறி வேறு.

"பாருங்க சார், ரிப்போர்ட்லயே போட்டிருக்குது. பந்து ஆடி ஆடி புள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே போச்சு. இனிமே அனுப்பறதா இல்ல."

ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று மட்டும் கேட்டேன். சாயந்திரம் ஐந்து மணிக்கு. பையன் அன்று காலையில் ஒரு மேட்ச் ஆடினான். இரண்டாவது மேட்ச் மூன்றரைக்கு முடிந்தது. அதில் வெயில் தாங்காமல் வாந்தி எடுத்தவனைப் பொன்னேரிக்கு அழைத்துப்போய் ஊசி போட்டு, ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். பந்தை விட்டு ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. என் வாதம் முழுக்க அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றியதுதான்.

எங்கள் ஊர் ஆரணி என்றதும் பட்டுச்சேலை நினைவுக்கு வந்தால், அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. இது திருவள்ளூர் மாவட்டம், ஆரணியாற்றங்கரைப் பேரூர். புதுவாயலில் ஜி.என்.டி. ரோட்டை விட்டுத் திரும்பிப் பெரியபாளையம் போகிறவர்கள் எங்களைத் தாண்டித்தான் போகவேண்டும். இங்கே பந்து ஆடுகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மீதிப் பாதி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை. பொங்கலை ஒட்டி அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துப் போட்டி நடந்தால் ஒரே நாளில் மூன்று மேட்ச், அடுத்த நாள் இன்னும் இரண்டு. அந்த வாரக் கடைசியில் நாலு பேருக்குச் சளி, ஒருவனுக்குக் காய்ச்சல். உடனே ஊர் தீர்ப்பு சொல்லிவிடும்: ஓவரா ஆடினான், ஒடம்பு எறங்கிடுச்சு.

இதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிட்டால் என் வேலை சுலபம். ஆனால் இந்தக் கருத்துக்கு ஒரு கௌரவமான வம்சாவளி இருக்கிறது. 1982இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்த ‘டூ ஓஷன்ஸ்’ என்ற 56 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பிறகு, ஓடியவர்களில் 33.3 சதவீதம் பேருக்குச் சளித்தொல்லை வந்தது. ஓடாதவர்களில் 15.3 சதவீதம். 1987 லாஸ் ஏஞ்சலீஸ் மாரத்தானை ஆராய்ந்த டேவிட் நீமன், ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த வாரமே படுத்தார்கள், ஓடாதவர்களில் 2.2 சதவீதம்தான் என்றார். 1994இல் இதற்கு ஒரு படமும் ஒரு பெயரும் கிடைத்தன. படம், ‘ஜே’ என்ற ஆங்கில எழுத்தைப் போன்ற வளைகோடு: மிதமாக ஆடினால் நோய் குறையும், மிஞ்சினால் எகிறும். பெயர், டென்மார்க்கின் பெடர்சனும் உல்லுமும் வைத்த ‘திறந்த ஜன்னல்’: கடும் உழைப்புக்குப் பின் சில மணி நேரம் முதல் மூன்று நாள் வரை உடம்பின் ஜன்னல் திறந்து கிடக்கும், கிருமி தாராளமாக உள்ளே வரும்.

பெயர் அழகாக அமைந்துவிட்டால் அதற்கப்புறம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. ‘திறந்த ஜன்னல்’ பாடப்புத்தகத்துக்குப் போனது, அங்கிருந்து ஜிம் மாஸ்டருக்கு, அவரிடமிருந்து யூடியூபுக்கு, யூடியூபிலிருந்து ஆரணித் தகப்பனாருக்கு.

அந்த லாஸ் ஏஞ்சலீஸ் கணக்கையே கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். ஓடியவர்கள் 1828 பேர், அவர்களில் சளி பிடித்ததாகச் சொன்னவர்கள் 236. ஓடாத கூட்டத்தில் 134 பேர், அவர்களில் சளி பிடித்தவர்கள் 3. ஆமாம், மூன்றே பேர். அந்த 2.2 சதவீதம் என்பது மூன்று மனிதர்கள். அவர்கள் ஆறு பேராக இருந்திருந்தால் ‘ஆறு மடங்கு ஆபத்து’ மூன்று மடங்காக இறங்கியிருக்கும். ஓடியவர்களில் நூற்றுக்கு 87 பேருக்கு ஒன்றுமே வரவில்லை என்பதை யாரும் தலைப்பில் போடவில்லை. இன்னொன்று, இவர்களில் யார் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டுக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. படிவத்தைக் கொடுத்தார்கள், நிரப்பச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

குச்சி விட்டுப் பார்த்த ஆய்வும் உண்டு. 2007இல் வெளிவந்தது. அதில் சளி, தொண்டைக் கரகரப்பு என்று 37 தடவை பரிசோதித்தார்கள். கிருமி கிடைத்தது 11 தடவை மட்டும். மீதி 26 தடவை மூக்கு ஒழுகியது நிஜம், தொண்டை எரிந்தது நிஜம், கிருமியைத்தான் காணோம். வாயால் மூச்சு வாங்கி ஓடும்போது காற்றுக்குழாய் வறண்டுபோகும், தூசி எரிச்சலூட்டும், ஒவ்வாமை கிளம்பும். எங்கள் மைதானத்தில் புல் கிடையாது. பக்கத்துச் சாலையில் டிப்பர் லாரி போனால் பந்து இரண்டு நிமிடம் தெரியாது. அந்தப் புழுதியை ஒரு மணி நேரம் வாயால் இழுத்தவனுக்குத் தொண்டை கட்டாவிட்டால்தான் எனக்கு ஆச்சரியம். அதற்குப் பெயர் எதிர்ப்புச் சக்திக் குறைவு அல்ல, புழுதி.

சரி, தகப்பனாரின் தாளுக்கு வருகிறேன். அதில் அச்சான எண்கள் பொய்யில்லை. அவற்றைப் படித்த விதம்தான் தப்பு.

எங்கள் பஸ் ஸ்டாப்பில் தினமும் மதியம் ஒரு கூத்து நடக்கும். ரெண்டு மணி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சீருடை போட்ட பையன்கள் தெருத்தெருவாக வந்து குவிவார்கள். கால் மணி நேரம் நிற்க இடமிருக்காது. பஸ் கிளம்பியதும் ஒரு ஈ காக்காய் இருக்காது. கூட்டம் குவிந்த நேரத்தில் ஒருவன் வந்து ஆள் கணக்கு எடுத்தால் ‘ஆரணியில் இளவட்டம் பெருகிவிட்டது’ என்று எழுதுவான். பஸ் போனபின் வந்து எடுத்தால் ‘ஊரே காலி’ என்று எழுதுவான். பையன்கள் செத்துப்போகவில்லை ஐயா, சிப்காட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

லிம்போசைட் கதையும் இதுதான். ஓட ஆரம்பித்ததும் அட்ரினலின் ஏறும். ரத்தக்குழாய்ச் சுவரிலும் மண்ணீரலிலும் ஒட்டிக்கொண்டிருந்த அணுக்கள், முக்கியமாக இயற்கைக் கொல்லி அணுக்கள், ரத்த ஓட்டத்துக்குள் குதிக்கும். அப்போது எண்ணினால் எண்ணிக்கை எகிறியிருக்கும். ஆட்டம் நின்று ஒன்று இரண்டு மணி நேரத்தில் அவை ரத்தத்தை விட்டு வெளியேறும். அப்போது எண்ணினால் ஆட்டத்துக்கு முன்னால் இருந்ததை விடவும் குறைவு. அடுத்த நாளுக்குள் பழைய கணக்குக்கு வந்துவிடும். இடையில் எங்கே போகின்றன? 2008இல் ஜெர்மனியில் க்ரூகர் குழுவினர் எலிகளின் டி அணுக்கள் என்ற லிம்போசைட் வகைக்கு அடையாளம் போட்டு, எலிகளை ஓடவிட்டுத் தேடினார்கள். நுரையீரலில் இருந்தன, எலும்பு மஜ்ஜையில் இருந்தன, குடலின் காவல் திட்டுகளில் இருந்தன. கிருமி எந்த வழியாக வருமோ அந்த வாசல்களில் போய் நின்றிருந்தன.

இன்னொரு நுணுக்கம் சதவீதத்தில் இருக்கிறது. கடும் ஆட்டத்துக்குப் பின் கார்டிசால் எலும்பு மஜ்ஜையிலிருந்து நியூட்ரோஃபில்களைக் கிளப்பிவிடும். அவை பல மணி நேரம் ரத்தத்தில் கூடுதலாகவே இருக்கும். ரிப்போர்ட்டில் வருவது நூற்றுக்கு எத்தனை என்ற பங்கு. ஒருவன் பங்கு 83 ஆக ஊதினால் அடுத்தவன் பங்கு தானாகவே சுருங்கித்தானே தெரியும்? இதே ஊதலை ‘இன்ஃபெக்‌ஷன்’ என்று படித்து ஆன்டிபயாட்டிக் எழுதித் தருவதும் நடக்கிறது. அன்று அந்தப் பையனுக்கும் ஐந்து நாள் மாத்திரை. அவனுக்குக் காய்ச்சல்கூட இல்லை.

2018இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்து ஜான் கேம்பெலும் ஜேம்ஸ் டர்னரும் இந்த ஆதாரங்களை எல்லாம் அடுக்கி வைத்து, உடற்பயிற்சியால் எதிர்ப்புச் சக்தி அமுங்குகிறது என்பது கட்டுக்கதை என்று தலைப்பிலேயே போட்டு எழுதினார்கள். நான் அந்தக் கட்சி.

ஆனால் எதிர்க்கட்சியிலும் சரக்கு இருக்கிறது, மறைத்துவிட்டுப் பேசினால் நியாயமாகாது. மாரத்தானை வைத்துப் பந்தைக் குற்றம் சொல்லக்கூடாது என்பதால் பந்தாட்டத்துக்கென்றே சோதனைகள் வந்தன. லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 20 மீட்டர் இடைவெளியில் நடை, வேக ஓட்டம், மெது ஓட்டம் என்று மாற்றி மாற்றி, 15 நிமிடக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு மேட்ச்சின் களைப்பை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கும் முறையை வகுத்தார்கள். சுவீடனில் 2004இல் இளம் வீரர்களை அடுத்தடுத்த நாளில் இரண்டு நிஜ ஆட்டம் ஆடவிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2014இல் வந்த ஆய்வு. இங்கிலீஷ் பிரீமியர் லீக் அணி ஒன்று குளிர்காலத்தில் 30 நாளில் 7 ஆட்டம் ஆடியபோது, வீரர்களின் எச்சிலில் உள்ள ஐஜிஏ என்ற காவல் புரதத்தை அளந்தார்கள். ஆட்டங்கள் நெருங்க நெருங்க அது இறங்கியது. ஜன்னல் கட்சிக்கு இது பெரிய சீட்டு. ஆனால் ஆய்வாளர்களே வைத்த தலைப்பில் ‘தற்காலிகமாக’ என்ற சொல் இருக்கிறது. ஓய்வு கிடைத்ததும் அது மீண்டுவிட்டது. அணு எண்ணிக்கையும் எச்சில் புரதமும் ஏறி இறங்குவது ஒன்று, ஆள் நோயில் விழுவது வேறொன்று. முன்னதிலிருந்து பின்னதுக்குப் பாலம் போட இன்னும் நிறையக் கல் வேண்டும்.

2020இல் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே கட்டுரையில் எதிரெதிராக உட்கார்ந்து வாதாடினார்கள். கேம்பெல், டர்னர், க்ரூகர், சிம்ப்சன் ஒரு பக்கம். நீமன், க்ளீசன், வால்ஷ், பைன் மறு பக்கம். தீர்ப்பு வரவில்லை. ஆனால் ஒன்றில் கைகுலுக்கினார்கள்: விளையாடுகிறவனுக்கு நோய் வருவது ஒரே காரணத்தால் அல்ல. தூக்கம், மன உளைச்சல், சாப்பாடு, பயணம், கிருமியோடு நெருக்கம் எல்லாம் சேர்ந்துதான் ஆளைப் படுக்க வைக்கின்றன.

ஊர் பார்க்க மறுப்பது இந்தப் பட்டியலைத்தான். எங்கள் அணியின் லெஃப்ட் விங் பையன் ஒருவனின் கணக்கைச் சொல்கிறேன். சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்குத் தூங்கி எழுந்தான். ராத்திரி பத்து மணி ஷிப்ட். ஞாயிறு காலை ஆறு மணிக்கு முடிந்து, ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ் அவனை இறக்கிவிட்டது. எட்டரைக்கு முதல் மேட்ச். பதினொன்றரைக்கு அடுத்தது. கல்யாண மண்டபத்துத் திண்ணையில் இரண்டு மணி நேரம் கண்ணசந்தான். சாயந்திரம் செமி ஃபைனல். ராத்திரி மறுபடி பத்து மணி ஷிப்ட், ஏனென்றால் லீவு போட்டால் சம்பளம் போச்சு. திங்கள் காலை ஏழேகாலுக்குப் படுத்தான். நாற்பத்தோரு மணி நேரத்தில் இரண்டு மணி நேரத் தூக்கம். நடுவில் உள்ளே போனது நாலு டீ, மூணு பன், ஒரு பொட்டலம் லெமன் சாதம். செவ்வாய்க்கிழமை காய்ச்சல். இத்தனையிலும் ஊருக்குக் கண்ணில் பட்டது பந்து மட்டும்தான். கூட்டிப் பாருங்கள், அந்த மூன்று மேட்ச்சும் சேர்ந்து இரண்டே மணி நேரம்தான். செவன்ஸில் ஒரு பாதி இருபது நிமிடம்தான்.

தூக்கத்தைப் பற்றிய ஆதாரம் சளிப் படிவத்தை விட எவ்வளவோ கெட்டி. 2009இல் ஷெல்டன் கோஹன் குழுவினர் 153 பேரை இரண்டு வாரம் தூக்கக் கணக்கு எழுத வைத்தார்கள். பிறகு ஜலதோஷக் கிருமியை மூக்கில் நிஜமாகவே சொட்டு விட்டுத் தனியே வைத்துப் பார்த்தார்கள். ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, எட்டு மணி நேரமாவது தூங்கியவர்களைப் போல் 2.94 மடங்கு சளி பிடித்தது. 2015இல் 164 பேரிடம் கையில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தபோது, ஆறு மணி நேரத்துக்குக் கீழே தூங்கியவர்களுக்கு 4.2 மடங்கு. இந்தச் சோதனையில் யாரும் பந்து ஆடவில்லை.

அடுத்தது தண்ணீர் பாட்டில். எங்கள் மைதான ஓரத்தில் ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்று கிடக்கும். உள்ளே கேன் தண்ணீர். விளிம்பு பல் பட்டுப் பட்டு வெளுத்திருக்கும். இடைவேளையில் அது ஒன்பது வாய்க்குள் போய் வரும், எதிரணிக்காரன் கேட்டால் பத்து. ஒருவன் மூக்கு ஒழுகிக்கொண்டே வந்திருந்தால் போதும், புதன்கிழமைக்குள் கணக்கு சரியாகிவிடும். எங்கள் ஆயா காலத்தில் சொம்பை வாயில் வைத்தால் முதுகில் ஒன்று விழும், அண்ணாந்துதான் குடிக்கவேண்டும். ‘எச்சில்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் சாதிக் கணக்கு தொலையட்டும். அண்ணாந்து குடிக்கிற பழக்கம் மட்டும் மிச்சமிருந்திருக்கலாம்.

கிருமியோடு நெருக்கம் என்ன செய்யும் என்பதற்கு நாடே பார்த்த சாட்சி ஒன்று உண்டு. 2022 ஜனவரியில் மகளிர் ஆசியக் கோப்பை மகாராஷ்டிரத்தில் நடந்தது. 20ஆம் தேதி இந்தியா ஈரானோடு கோலின்றி டிரா செய்தது. 23ஆம் தேதி நவி மும்பையில் சீனத் தைபேயோடு ஆட வேண்டிய நேரத்தில் 12 வீராங்கனைகளுக்குக் கோவிட். அணியை இறக்க ஆள் இல்லை. சொந்த மண்ணில் போட்டியை விட்டே வெளியேறினோம். பல மாதமாகக் கடும் பயிற்சி எடுத்தவர்கள், எதிர்ப்புச் சக்தி போயிருக்கும் என்று ஜன்னல் கட்சி சொல்லக்கூடும். அப்படியானால் தென்கொரியாவைப் பாருங்கள். அதே போட்டியில் ஜனவரி 21 முதல் பிப்ரவரி 6 வரை, 17 நாளில் 6 ஆட்டம் ஆடி, இறுதியில் சீனாவிடம் 3-2 என்று தோற்றது. ஆறு ஆட்டம் ஆடியவர்கள் கடைசி நாள் வரை நின்றார்கள், ஒரே ஆட்டம் ஆடியவர்கள் விழுந்தார்கள். தொற்று வேறு அணிகளையும் தொட்டது. அது ஒமிக்ரான் அலை உச்சத்தில் இருந்த மாதம், பந்தைக் காலால் தொடாத என் மாமியாருக்கும் வந்தது.

அப்புறம் ஏன் இந்தக் கருத்து இவ்வளவு கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது? யாருக்கும் செலவில்லாத கருத்து என்பதால். பந்து குற்றவாளி என்றால் கான்ட்ராக்டர் ஷிப்டை மாற்றவேண்டாம். மைதானத்தில் ஒரு குழாய் போட்டுத்தா என்று பேரூராட்சியை யாரும் கேட்கமாட்டார்கள். பள்ளிக்கூடம் கேட்டைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்காகத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். இம்யூனிட்டி பவுடர் விற்கிறவனுக்கோ இது திருவிழா. எனக்கு அதிகம் எரிவது வேறொன்று. பையன் என்றால் ‘கொஞ்ச நாள் போகாதே’ என்பார்கள். பெண்பிள்ளை என்றால் ஒரு தும்மல் போதும், ஷூவை அடுத்த வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிடுவார்கள். போன வருடம் எட்டுப் பெண்பிள்ளைகள் ஆடினார்கள். இப்போது மூன்று பேர்.

வீட்டில் உட்கார வைத்தால் காப்பாற்றிவிடலாம் என்பதற்கும் ஆதாரம் எதிர்த் திசையில்தான் போகிறது. ஜே வளைகோட்டை வரைந்த அதே நீமன் 2011இல் 1002 பேரை 12 வாரம் கவனித்தார். வாரத்தில் ஐந்து நாளாவது உடற்பயிற்சி செய்தவர்கள் சளியோடு கழித்த நாட்கள், உட்கார்ந்தே இருந்தவர்களை விட 43 சதவீதம் குறைவு. 2021இல் அமெரிக்காவில் 48,440 கோவிட் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததில், உடம்பை அசைக்காதவர்கள்தான் அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், அதிகமாக இறந்தார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் நான் ஊரை விடவும் கறார். காய்ச்சல் இருக்கும்போது பந்தைத் தொடக்கூடாது. ஃபைனலாக இருந்தாலும் சரி, ஆள் குறைந்தாலும் சரி. சில வைரஸ்கள் இதயத் தசையை வீங்க வைக்கும், அந்த நிலையில் ஓடினால் மைதானத்திலேயே விழலாம். ஆனால் இங்கே வரிசையைக் கவனிக்கவேண்டும். நோய் முன்னால் வந்தது, ஆட்டம் பின்னால். ஊர் பயப்படுகிற வரிசை நேர்மாறானது. வேடிக்கை என்னவென்றால், பந்து ஆடினால் காய்ச்சல் வரும் என்று திட்டுகிற அதே பெரியவர்கள்தான் ஃபைனல் அன்று, "ஒரு மாத்திரை போட்டுக்கினு எறங்குடா, இன்னா இப்போ" என்பார்கள்.

இவ்வளவையும் அன்று ராத்திரி வாசலில் நின்று சொல்லி முடிக்கவில்லை, பாதிதான் சொன்னேன். கடைசியில், புதன்கிழமை காலையில் இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்றேன். "அதுக்கு வேற காசா?" என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பைக்கை உதைத்தார். நான் அவரை ஜெயித்ததாக நினைக்கவில்லை.

அடுத்த வாரம் கடையில் ஒரு டஜன் பாட்டில் வாங்கி, ஒவ்வொன்றிலும் மார்க்கரால் ஒரு பெயர் எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் நாளே கீப்பர் பாட்டிலில் லெஃப்ட் விங் குடித்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை சாயந்திரம் அந்த ரிப்போர்ட் பையன் வந்தான். அப்பா பைக்கிலேயே உட்கார்ந்து, மைதான ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் ஒருவன் போய்ப் பையனின் எவர்சில்வர் பாட்டிலுக்குக் கை நீட்டினான். பையன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் பைக்கில் இருந்தபடியே கத்தினார்:

"குட்றா, ஆனா வாய் வெக்காம அண்ணாந்து குடிக்கச் சொல்லு!"